கருத்தப்பாண்டியும் கோணல் மூக்குக் கத்தியும்

தாயில்பட்டிக்கு மேற்கே, வெம்பக்கோட்டை போகும் வண்டிப்பாதை ஓரத்தில் எட்டு ஏக்கர் கரிசலும் பாதிக் கிணறும் வைத்திருந்தவர் கருத்தப்பாண்டி. உலகத்தில் மற்ற எதைப் பற்றியும் அவருக்குப் பெரிதாகச் சொல்ல ஒன்றும் இருந்ததில்லை. பருத்தி விலை ஏறினால் "ஏறட்டும்" என்பார். தேர்தலில் யார் ஜெயித்தாலும் "சரி" என்பார். மனைவி பஞ்சம்மாள் குழம்பில் உப்புப் போட மறந்தாலும் தலையைக் குனிந்து சாப்பிட்டுவிட்டு எழுந்துவிடுவார். ஆனால் அவர் கண்ணெதிரில் ஒருவன் ஒரு கத்தியை எடுத்துவிட்டால் போதும், மனிதர் வேறு ஆளாகிவிடுவார். அதன் பிடி, கனம், நீளம், வளைவு எல்லாவற்றுக்கும் அவரிடம் ஒரு தீர்ப்பு தயாராக இருக்கும். கேட்டால்தான் சொல்வது என்கிற நாகரிகம் அந்த விஷயத்தில் மட்டும் அவருக்குக் கிடையாது.

ஒரு தடவை விருதுநகர் பங்குனிப் பொங்கல் கடைகளில் ஒருவன் மடக்குக் கத்தி விற்றுக்கொண்டிருந்தான். கருத்தப்பாண்டி ஒன்றை எடுத்து நாலு தடவை விரித்தார், நாலு தடவை மடக்கினார்.

"ஏம்ப்பா, இது ஏற்கெனவே முறிஞ்ச கத்தில்லா. முறிஞ்ச எடத்துல ஒரு ஆணிய அடிச்சு, அதுக்கு ஒரு பேரும் வச்சு விக்கியே" என்றார்.

கடைக்காரன் அவரை மேலும் கீழும் பார்த்தான். பக்கத்தில் பணத்தை எடுத்து நீட்டிக்கொண்டிருந்த இரண்டு பேர் கையை மடக்கிக்கொண்டு நகர்ந்துவிட்டார்கள். அன்று முழுக்க அந்தக் கடையில் போணி ஆகவில்லை என்று ஊரில் பேச்சு.

காட்டுக்குப் போகிற ஆளுக்கு ஒரே ஒரு கத்திதான் வேண்டும் என்பது அவர் கட்சி. அது மடங்கக் கூடாது. ஒரு சாண், அதற்குமேல் நாலு விரல் நீளம் இருக்க வேண்டும். அதைவிடக் குறைந்தால் வெண்டைக்காய் நறுக்கத்தான் ஆகும், கூடினால் மீசைக்காரன் தோளில் வைத்துக்கொண்டு நடக்கத்தான் ஆகும். முதுகில் கட்டையை வைத்து ஓங்கி அடித்தால் தாங்கணும். கைப்பிடிக்குள் போகிற இரும்பு வால் பிடியின் கடைசிவரை போய் மறுபக்கம் எட்டிப் பார்க்கணும். பாதியோடு நின்ற வாலை அவரால் மன்னிக்கவே முடியாது. பிடி விடத்தலை மரக் கட்டையில் இருக்கணும், வழவழவென்று தேய்க்கக் கூடாது.

கொல்லர்கள் கத்திக்கு மூக்கு, வாய், முதுகு, வால் என்றுதான் சொல்வார்கள். கருத்தப்பாண்டியும் அப்படித்தான். தெரியாத ஆள் கேட்டால் அவர் யாரோ சொந்தக்காரரைப் பற்றிப் புறணி பேசுகிறார் என்றே நினைப்பான். இதனால் ஒரு கல்யாணமே நின்றுபோகப் பார்த்தது. சொந்தத்தில் ஒரு பையனுக்குப் பெண் பார்க்கப் போன இடத்தில், பெண் காபித் தட்டோடு வந்து நின்ற அதே நேரம் பார்த்து, "மத்ததெல்லாம் சரிதான், மூக்குதான் கோணல்" என்றார் இவர். அவர் சொன்னது வாசலில் வாழைத்தாரை அறுத்துக்கொண்டிருந்தவன் கையிலிருந்த கத்தியை. பெண்ணின் அம்மா அழுதே விட்டாள். அந்தக் கத்தியை உள்ளே கொண்டுவந்து எல்லாருக்கும் மூக்கைக் காட்டி விளக்கிய பிறகுதான் பூ வைத்தார்கள்.

இந்த மூக்கு விஷயம்தான் அவரையும் அவர் அண்ணன் பெத்தணனையும் பிரித்தது.

பெத்தணன் நாலு வயது மூத்தவர். பக்கத்து வீடு. இரண்டு வீட்டுக்கும் நடுவில் பொதுவாக ஒரு மாட்டுத்தொழுவம், காட்டில் பொதுவாக ஒரு கிணறு. தம்பிக்கு இருந்த அதே பைத்தியம் அண்ணனுக்கும் இருந்தது. கத்தியின் வாய், முதுகு, வால் எல்லாவற்றிலும் இரண்டு பேரும் ஒரே கட்சி. மூக்கு மட்டும்தான் தகராறு. மூக்கு நேராக இருந்தால்தான் வெட்டு விழும் என்பார் தம்பி. மூக்கு வளைந்திருந்தால்தான் முள்ளுக்கிளையை இழுத்துப் போட முடியும் என்பார் அண்ணன். இளம்வயதில் இதைப் பேசிக்கொண்டே இரண்டு பேரும் கமலையில் தண்ணீர் இறைத்திருக்கிறார்கள், கம்பு அறுத்திருக்கிறார்கள். அது அவர்களுக்குச் சண்டை இல்லை, பொழுதுபோக்கு.

1958-இல் இரண்டு வீட்டுக்கும் சேர்த்து ஒரே கத்தியாக அடிக்கச் சொல்லி, லாரி ஸ்பிரிங் பட்டைத் துண்டு ஒன்றைத் தேடிப் பிடித்து வெம்பக்கோட்டை ஊர்க்காவலன் ஆசாரியிடம் கொடுத்தார்கள். மூக்கு எப்படி என்று கடைசிவரை முடிவாகவில்லை. "ஆசாரி கைக்கு வந்தபடி அடிக்கட்டும், நாம ரெண்டு பேரும் வாயத் தொறக்கக் கூடாது" என்று சத்தியம் செய்துகொண்டார்கள். பத்து நாள் கழித்துப் போய்ப் பார்த்தால், கத்தியின் மூக்கு நேராகவும் இல்லை, வளைவாகவும் இல்லை. பாதியில் நின்று போனமாதிரி லேசாகக் கோணியிருந்தது.

"நீ வந்து நிமித்தச் சொல்லியிருக்க" என்றார் பெத்தணன்.

"நீங்க வந்து வளைக்கச் சொல்லியிருக்கீக" என்றார் கருத்தப்பாண்டி.

ஊர்வரைக்கும் மூன்று மைல். மூன்று மைலும் இதே பேச்சு, ஒவ்வொரு பர்லாங்குக்கும் குரல் ஒரு படி ஏறியது. சத்தியத்தை மீறிவிட்டாய் என்று ஒருவரை ஒருவர் ஏசினார்கள். வீட்டு வாசலுக்கு வந்ததும் பெத்தணன், "இந்தா, நீயே வச்சு அளு" என்று கத்தியைத் தம்பி கையில் திணித்துவிட்டு உள்ளே போய்விட்டார். கருத்தப்பாண்டியும் ஆத்திரத்தில் கையை நீட்டி வாங்கிவிட்டார்.

இரண்டு எட்டு நடந்த பிறகுதான் என்ன செய்தோம் என்று அவருக்கு உறைத்தது. அந்தப் பக்கத்தில் கத்தி, அரிவாள், கத்தரிக்கோல் எதையும் கைக்குக் கை கொடுத்து வாங்க மாட்டார்கள். கொடுப்பவர் கீழே வைக்க வேண்டும், வாங்குபவர் குனிந்து எடுத்துக்கொள்ள வேண்டும். கையில் கொடுத்தால் இரண்டு பேருக்கும் ஆகாமல் போய்விடும் என்பது நம்பிக்கை. கருத்தப்பாண்டி இந்த விஷயத்தில் ரொம்பக் கறார். அப்படிப்பட்டவர் அண்ணன் கையிலிருந்து நேராக வாங்கிவிட்டார். அந்தக் கத்தியை வீட்டுக்குள் கொண்டுபோகப் பயந்து, தொழுவத்துக் கூரையில் செருகி வைத்தார். அதற்குப் பிறகு அண்ணன் தம்பி பேசவில்லை.

பேசவில்லை என்றால் வாய் பேசவில்லை என்று அர்த்தமில்லை. ஒரே கிணறு, ஒரே தொழுவம், பேசாமல் எப்படி முடியும்? மாட்டிடம் பேசிக்கொண்டார்கள்.

"ஏலே மயிலை, நாளைக்கு நமக்குத் தண்ணி முறை கெடையாது. அங்கன போய் நிக்காத" என்பார் கருத்தப்பாண்டி, அண்ணன் காதில் விழும்படி.

"ஏலே செவலை, கமலைக் கயிறு அந்துபோற மாதிரி இருக்கு. எறைக்கிறவுக பாத்து எறைச்சா நல்லது" என்பார் பெத்தணன் அந்தப் பக்கமிருந்து.

மாடுகள் அசை போட்டுக்கொண்டிருக்கும். இப்படியே ஆறு வருஷம் ஓடியது. கருத்தப்பாண்டி தனக்கென்று நேர் மூக்கில் ஒரு கத்தி அடித்துக்கொண்டார். பெத்தணன் கொக்கி மூக்கில் ஒன்று அடித்துக்கொண்டார். புதுக்கத்தியைப் பற்றி வாய் ஓயாமல் பேச எதிரில் ஆள் இல்லாததால், இரண்டு கத்தியும் அவர்களுக்கு ருசிக்கவில்லை. கருத்தப்பாண்டிக்கு அண்ணன்மேல் இருந்தது கோபம் என்று ஊர் நினைத்தது. ஏக்கம் என்று பஞ்சம்மாளுக்கு மட்டும் தெரியும்.

1964 கார்த்திகையில் மகள் செல்லத்தாய்க்குச் சிவகாசியில் ஒரு மாப்பிள்ளை அமைந்தது. பையனுக்கு அச்சாபீஸில் மிஷின் ஓட்டும் வேலை, நல்ல குடும்பம். பேச்சுவார்த்தை எல்லாம் முடிந்து எழுந்திருக்கும்போது மாப்பிள்ளையின் அம்மா, "பொண்ணுக்குப் பெரியப்பா இருக்காகளாமே, அவுகள எங்க காணோம்?" என்று கேட்டாள்.

"பருத்திக்கு மருந்தடிக்கப் போயிருக்காக" என்றாள் பஞ்சம்மாள். அந்த வருஷம் மழை ஏய்த்து, பருத்தி முளைக்கவே இல்லை.

அவர்கள் போன பிறகு அவள் கணவனைப் பிடித்துக்கொண்டாள். "தை எட்டாந்தேதி முகூர்த்தக்கால். பந்தக்காலுக்குக் கெளை வெட்டுறது வீட்டுக்கு மூத்தவுக. பெரியத்தான் வெட்டாம இந்த வீட்டுல கல்யாணம் நடந்ததா சரித்திரம் கெடையாது. நீங்க பேசி அவுகளக் கூட்டியாங்க."

"மயிலைகிட்டச் சொல்லுதேன்" என்றார் கருத்தப்பாண்டி.

"மயிலையா வந்து கால் வெட்டும்?" என்று கேட்டுவிட்டுப் பஞ்சம்மாள் உள்ளே போனாள். போய் நின்று அண்ணன் முகத்தைத் திருப்பிக்கொண்டால் என்ன செய்வது என்கிற பயம்தான் அவருக்கு. அப்படி ஆகிவிட்டால் அதற்குமேல் ஒட்டவே ஒட்டாது, செல்லத்தாய் பந்தலில் பெரியப்பா இல்லாமல் உட்கார்ந்திருப்பாள்.

மார்கழி முதல் வாரம், ஆலங்குளம் போகிற பாதையில் ஒரு புறம்போக்குத் தரிசில் ஆறு கூடாரங்கள் முளைத்தன. பூமிக்குள் சுண்ணாம்புக்கல் எங்கே, எவ்வளவு ஆழத்தில் என்று அளந்து பார்க்க வந்த சர்க்கார் ஆட்கள். அதிகாரி சங்கரபாண்டியன் முப்பது வயது மனிதர். பெயர்தான் தென்சீமைப் பெயர். பிறந்து வளர்ந்து படித்ததெல்லாம் சென்னை. அளவுக்கருவியில் நேராகப் பார்ப்பதற்கு உடைமரத்தையும் சீமைக்கருவேலையும் வெட்டி வழி எடுக்க வேண்டும். கத்தியோடு பன்னிரண்டு பேர் வேண்டும் என்று தண்டோரா போட்டார்கள். மழை இல்லாத வருஷம், பிள்ளை கல்யாணம் வேறு, கருத்தப்பாண்டி போனார். போன இடத்தில் வரிசையின் அந்தக் கடைசியில் பெத்தணன் நின்றுகொண்டிருந்தார். திரும்பிப் போகலாமா என்று ஒரு கணம் யோசித்தார். அண்ணனும் அதையே யோசித்ததுபோலத் தெரிந்தது. இரண்டு பேரும் போகவில்லை.

சங்கரபாண்டியன் எப்படி வெட்டுவது என்று காட்டுவதற்காக இடுப்பிலிருந்து தன் கத்தியை உருவினார். கண்ணைப் பறிக்கும் சீமைச் சரக்கு. ஏழு அங்குல நீளம், முதுகில் ரம்பப் பல், பிடிக்கு முன்னால் பித்தளையில் ஒரு குறுக்குக் கட்டை, பிடி முழுக்கத் தோல் வளையங்கள். ஓங்கி ஒரு உடைமரக் கிளையில் போட்டார். கத்தி வழுக்கியது, கிளை திரும்பி வந்து அவர் கையில் கீறியது. பதினொரு பேர் மரியாதைக்காக வேறு எங்கேயோ பார்த்தார்கள். கருத்தப்பாண்டி மட்டும் கத்தியைப் பார்த்துக்கொண்டிருந்தார். பார்வையே சொல்லிவிட்டது.

"என்ன பெரியவரே, கத்தி பிடிக்கலையா? இதை வாங்க மவுண்ட் ரோட்டுல மூணு கடை ஏறி இறங்கினேன். பிடிங்க, நீங்களே பாருங்க" என்று அதிகாரி கத்தியை அவரிடம் நீட்டினார்.

கருத்தப்பாண்டி கையை நீட்டவில்லை. பின்னால் ஒரு அடி நகர்ந்தார்.

"எடுத்துக்கோங்க. பயமா?"

அவர் இன்னும் ஒரு அடி நகர்ந்தார். அதிகாரியின் முகம் லேசாகச் சிவந்தது. நாலு பேர் முன்னால் தன்னை மதிக்கவில்லை என்று தோன்றியிருக்க வேண்டும். அப்போது வரிசையின் கடைசியிலிருந்து ஒரு குரல் வந்தது.

"அவன் கையில வாங்க மாட்டான் சார். கீள வைங்க, எடுத்துக்கிடுவான்."

பெத்தணன்தான். ஆறு வருஷத்தில் முதல்முறையாக, மாடு இல்லாமல், தம்பியைப் பற்றி மனிதர்களிடம் பேசிய வார்த்தை.

சங்கரபாண்டியன் ஒன்றும் புரியாமல் கத்தியைத் தரையில் வைத்தார். கருத்தப்பாண்டி குனிந்து எடுத்தார்.

"கையில வாங்கினா என்ன ஆகும்?"

"சண்ட வரும் சார்."

"வாங்கிப் பார்த்திருக்கீங்களா?"

ஊருக்கே தெரிந்த கதை. பன்னிரண்டு பேரும் ஒரே சமயத்தில் மண்ணைப் பார்த்தார்கள். கருத்தப்பாண்டி பேச்சை மாற்றுவதற்காகக் கத்தியைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார். ஆரம்பித்தபின் நிறுத்துவது அவர் கையில் இல்லை.

"சார், முதுகுல எதுக்குப் பல்லு? விறகு பொளக்கணும்னா முதுகுல கட்டைய வச்சு அடிக்கணும். இதுல அடிச்சா..."

"கட்டதான் அறுபடும்" என்றார் பெத்தணன் தூரத்திலிருந்து.

"அவுக சொல்லுதது சரிதான் சார். இந்தக் குறுக்குக் கட்டை ஆளக் குத்துறவனுக்கு. நம்ம மரத்தத்தான வெட்டப் போறோம்."

"வேணாத எடத்துல கட்டைய வச்சுட்டான் சார். பிடிக்கு அடியில, சுண்டுவிரல் போய் நிக்கிற எடத்துல ஒரு முண்டு வேணும், அதக் காணோம்" என்று சொல்லிக்கொண்டே பெத்தணன் நாலு எட்டு முன்னால் வந்துவிட்டார்.

"தோலு வேர்வையக் குடிக்கும். குடிச்சா உப்பும்."

"உப்புனா ஆடும் சார். அவன் சொல்லுதான்ல."

"கனம் பூராம் கைகிட்ட இருக்கு, மூக்குகிட்ட இல்ல."

"அதான் கெளை திரும்பி வந்து உங்களக் கீறிருச்சு."

ஒருவர் ஆரம்பித்ததை மற்றவர் முடித்தார். இரண்டு பேரும் அதிகாரியின் முகத்தைப் பார்த்துத்தான் பேசினார்கள், ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை. ஆனால் கால்கள் நகர்ந்து நகர்ந்து, கடைசியில் தோளோடு தோள் நின்றுகொண்டிருந்தார்கள். ஊர்க்காரர்கள் பத்து பேரும் சிரிப்பை அடக்கிக்கொண்டு நின்றார்கள். சங்கரபாண்டியனுக்குக் கோபம் போய் வேடிக்கையாகிவிட்டது.

"சரி. பன்னிரண்டு பேருக்கும் ஒரே மாதிரிக் கத்தி நானே அடிக்கச் சொல்லித் தர்றேன். நீங்க ரெண்டு பேரும் சேர்ந்து எப்படி இருக்கணும்னு மண்ணில வரைஞ்சு காட்டுங்க" என்றார்.

கருத்தப்பாண்டி குச்சியை எடுத்து வால், பிடி, முதுகு எல்லாம் வரைந்தார். பெத்தணன் தலையாட்டிக்கொண்டே வந்தார். மூக்கு வந்தது. தம்பி நேராக இழுத்தார். அண்ணன் காலால் அழித்துவிட்டு வளைத்து வரைந்தார். தம்பி அதை அழித்தார். அதிகாரி கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, இது தன் வேலைக்குள் அடங்காது என்று முடிவுகட்டி, இரண்டு பேரையும் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு வெம்பக்கோட்டைக்குப் போனார். தம்பி முன்னால், அண்ணன் பின்னால்.

ஊர்க்காவலன் ஆசாரி ஜீப்பிலிருந்து இரண்டு பேரும் இறங்குவதைப் பார்த்ததும் சுத்தியலைக் கீழே வைத்தார்.

"ரெண்டு பேரும் ஒண்ணா வந்திருக்கீக. இப்பிடி அன்னைக்கே வந்திருந்தா எனக்கு எம்புட்டு நிம்மதியா இருந்திருக்கும்" என்றார்.

"என்னைக்கு?" என்றார் அதிகாரி.

"ஆறு வருசம் ஆச்சு சார். ஒரு கத்திக்கு இரும்பு குடுத்தாக. நாங்க வாயே தொறக்க மாட்டோம், நீரு ஒம்ம இஷ்டத்துக்கு அடியும்னாக. மறுநாக் காலையில தம்பி வந்து, அண்ணனுக்குத் தெரிய வேணாம், மூக்க நேரா வையும்னாரு. சாயந்தரம் அண்ணன் வந்து, தம்பிக்குத் தெரிய வேணாம், மூக்க வளையும்னாரு. அடுத்த நாளும் இதே கத. நான் என்ன செய்ய? பாதி வளைச்சேன்."

கருத்தப்பாண்டி தன் கட்டைவிரல் நகத்தை அக்கறையாகப் பார்த்தார். பெத்தணன் கூரையைப் பார்த்தார். இரண்டு பேரும் சத்தியத்தை மீறியிருக்கிறார்கள், இரண்டு பேரும் அதை மறைத்திருக்கிறார்கள், இரண்டு பேரும் மற்றவனை ஏமாற்றுக்காரன் என்று ஆறு வருஷம் மாட்டிடம் குறை சொல்லியிருக்கிறார்கள். கருத்தப்பாண்டிக்கு வெட்கத்தில் காது சூடேறியது. அவர் வாழ்க்கையில் ஒரு கத்தியைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லாமல் நின்றது அன்றைக்குத்தான்.

சங்கரபாண்டியன் சிரித்து முடித்துவிட்டு, "அந்தக் கத்தி இப்போ எங்கே?" என்று கேட்டார்.

"தொழுவத்துக் கூரையில சார். துருவேறி மண்ணாப் போயிருக்கும்" என்றார் கருத்தப்பாண்டி.

பார்த்தே தீர வேண்டும் என்றார் அதிகாரி. ஜீப் வீட்டு வாசலில் நின்றபோது பஞ்சம்மாளும் பெத்தணன் மனைவி இருளம்மாளும் தொழுவத்தில் சாணி அள்ளிக்கொண்டிருந்தார்கள். ஜீப்பைப் பார்த்துவிட்டு முந்தானையைச் சரிசெய்தார்கள். கருத்தப்பாண்டி நேராகக் கூரையடிக்குப் போய், "போச்சு சார், பாருங்க" என்று சொல்லிக்கொண்டே கையை விட்டுக் கத்தியை உருவினார்.

கத்தியில் ஒரு பொட்டுத் துரு இல்லை. வாய் பளிச்சென்று இருந்தது, நேற்றுத் தீட்டியதுபோல. பிடி முழுக்கச் சணல் சுற்றியிருந்தது. தாயில்பட்டிப் பட்டாசுக் கம்பெனிக்கு அணுகுண்டு வெடிக்குச் சுற்றுவார்களே, அதே சுற்று: நெருக்கமாக, ஒன்றின்மேல் ஒன்று ஏறாமல், முடிச்சு எங்கே என்று கண்டுபிடிக்க முடியாதபடி. சீசன் நாட்களில் வீட்டில் உட்கார்ந்து அப்படிச் சுற்றுகிற கை அந்த வீட்டில் ஒன்றுதான்.

அவர் பஞ்சம்மாளைப் பார்த்தார். பஞ்சம்மாள் இருளம்மாளைப் பார்த்தாள். இருளம்மாள்தான் முதலில் வாயைத் திறந்தாள்.

"என்ன பாக்கீக? நீங்க ரெண்டு பேரும் மொறச்சுக்கிட்டுத் திரிஞ்சா வீட்டுக்கு முள்ளு வெட்டுறது யாரு? எங்க வீட்டுக் கத்தி கொக்கியா இருக்கு, இளுக்கத்தான் ஆகும், வெட்டு விளாது. ஒங்க வீட்டுக் கத்தி நேரா இருக்கு, வெட்டுனா கெளை மொகத்துல வந்து அடிக்கும். இதுதான் ரெண்டுக்கும் ஆகுது."

"காலையில அக்கா வெட்டுவாக. சாயந்தரம் நான் வெட்டிட்டுக் கூரையிலயே திரும்பச் செருகிருவேன். பிடி வளுக்குச்சு, அதான் சணலு சுத்துனேன்" என்றாள் பஞ்சம்மாள். பிறகு கணவனைப் பார்த்து, "அக்கா அந்தக் கல்லுத்தொட்டி மேல வச்சுட்டுப் போவாக, நான் எடுத்துக்கிடுவேன். கையில குடுக்கல, வாங்கல. எங்களுக்குள்ள ஆறு வருசத்துல ஒரு சொல்லு வந்திருக்கா, கேட்டுப் பாருங்க" என்றாள்.

யாரும் கேட்கவில்லை. சங்கரபாண்டியன் வேலியோரம் இருந்த சீமைக்கருவேலையைக் காட்டி, வெட்டிக் காட்டும்படி சொன்னார். கருத்தப்பாண்டி கல்தொட்டி மேல் வைத்த கத்தியை எடுத்து, இருளம்மாள் கோணல் மூக்கால் கிளையைக் கொக்கிபோட்டுத் தன் பக்கம் இழுத்து, அதே கையோட்டத்தில் அடியில் ஒரு போடு போட்டாள். கிளை காலடியில் விழுந்தது. ஒரு முள்கூட மேலே படவில்லை.

அந்தக் கத்தியையே மாதிரியாக வைத்து ஊர்க்காவலன் ஆசாரி பன்னிரண்டு கத்தி அடித்தார். பன்னிரண்டுக்கும் பஞ்சம்மாளும் இருளம்மாளும் சணல் சுற்றினார்கள். முகாமில் வேலை மளமளவென்று ஓடியது. சங்கரபாண்டியன் தன் சீமைக் கத்தியால் அதற்கப்புறம் வெள்ளரிக்காய் மட்டும் நறுக்கினார்.

மார்கழி முழுக்க அண்ணனும் தம்பியும் ஒரே வரிசையில் வெட்டினார்கள். ஆனாலும் நேருக்கு நேர் ஒரு வார்த்தை இல்லை. முன்பு மாட்டிடம் சொன்னதை இப்போது அதிகாரியிடம் சொன்னார்கள், அவ்வளவுதான் முன்னேற்றம். தப்பு தன்மேலும் இருக்கிறது என்று தெரிந்தபின் கருத்தப்பாண்டிக்கு முன்னைவிடக் கூச்சம் கூடிவிட்டது. தை ஏழாந்தேதி மத்தியானம் பஞ்சம்மாள் அவர் முன்னால் தாம்பூலத் தட்டை வைத்தாள்.

"நாளைக்கு விடியவும் போய்க் கூப்பிடணும். அதுக்கும் அந்த சாரக் கூட்டிக்கிட்டுப் போவீகளோ?"

மறுநாள் காலையில் கருத்தப்பாண்டி குளித்து வேட்டி மாற்றி, ஒரு கையில் தட்டும் ஒரு கையில் கோணல் மூக்குக் கத்தியுமாக அண்ணன் வீட்டு வாசலுக்குப் போய் நின்றார். பதினைந்து எட்டுத் தூரம்தான். ஆறு வருஷமாக அவர் நடக்காத பதினைந்து எட்டு. பெத்தணன் வெளியே வந்தார். அவரும் குளித்து, வெள்ளை வேட்டி கட்டி, நெற்றியில் திருநீறு பூசித் தயாராகத்தான் இருந்தார். விடியற்காலையிலிருந்தே அப்படி உட்கார்ந்திருக்கிறார் என்று இருளம்மாள் பிறகு சொன்னாள்.

கருத்தப்பாண்டி தட்டைக் கீழே வைத்தார். கத்தியை அதன் பக்கத்தில் கீழே வைத்தார்.

"செல்லத்தாய்க்குக் கால் வெட்டணும்ணே."

பெத்தணன் வெற்றிலையைப் பார்க்கவில்லை. குனிந்து முதலில் கத்தியை எடுத்தார். ஒரு கண்ணை மூடிக்கொண்டு பிடியிலிருந்து மூக்குவரை ஒரு பார்வை விட்டார்.

"ஏலே, இந்த மூக்கு இன்னும் கொஞ்சம் நிமிந்திருக்கலாம்" என்றார்.

கருத்தப்பாண்டி பதறிப்போனார். "இன்னும் நிமித்துனா எப்பிடிண்ணே இளுக்கும்? இன்னும் ஒரு விரக்கடை வளைச்சிருக்கணும்னுதான் சொல்லுதேன்."

"வளைச்சா வெட்டு விளாதுலே. ஒரு மாசமா வெட்டிப் பாத்துட்டுத்தான சொல்லுதேன்."

"நானும்தானே வெட்டிப் பாத்தேன்."

இரண்டு பேரும் இடம் மாறிவிட்டார்கள் என்பது இரண்டு பேருக்கும் தெரியவில்லை. கண்மாய்க் கரைப் பூவரசு வரைக்கும் பேசிக்கொண்டே போனார்கள். மேளக்காரர்கள் பின்னால் போனார்கள். வாசலில் நின்ற இருளம்மாள், "ஆரம்பிச்சுட்டாக" என்றாள். பஞ்சம்மாள் சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள்.

பூவரசில் நல்ல கிளையாகப் பார்த்து, அண்ணன் கத்தியின் மூக்கால் வளைத்து இழுத்தார், இரண்டே வெட்டில் கிளை இறங்கியது. செல்லத்தாயின் பந்தலுக்குக் கால் கிடைத்துவிட்டது. கிளையைத் தூக்குவதற்குக் கை வேண்டியிருந்ததால், பெத்தணன் பேச்சு வாக்கில் கத்தியைத் தம்பி பக்கம் நீட்டினார். கருத்தப்பாண்டியும் மூக்கைப் பற்றி அடுத்த நியாயத்தைச் சொல்லிக்கொண்டே கையைத் தூக்கினார்.

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் நின்றார்கள். மேளமும் நின்றது.

பெத்தணன் மெல்லக் குனிந்து, தம்பியின் காலடியில், புல் இருந்த இடமாகப் பார்த்து, பிடி அவர் பக்கம் வரும்படி கத்தியை வைத்தார். அப்போது நிமிர்ந்த அண்ணன் கண்ணில் நீர் இருந்ததைக் கருத்தப்பாண்டி பார்த்தார். அவருடையதும் அப்படித்தான் இருந்தது. பிறகு குனிந்து எடுத்துக்கொண்டார்.